முதியவருக்குத் தவறாக விற்ற காப்பீட்டுப் பாலிசியை ரத்து செய்து பணத்தை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வங்கியில் வைப்புநிதி போடப் போன எழுபது வயதுக்காரரின் கையில், பத்து ஆண்டுகள் பணம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறது என்பதை, இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் கேட்டுச் செய்தி வரும்போதுதான் வீட்டார் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். மதுரையில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, செல்லூர், திருமங்கலம், மேலூர்ப் பக்கத்து முதியவர்கள் பலருக்கு இத்தகைய மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தும் பணம் திரும்பாமல் போனதற்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்யும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. இதை ‘ஃப்ரீ லுக்’ காலம் என்பார்கள். முன்பு இது பொதுவாக 15 நாட்களாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதிகள் இதை எல்லோருக்கும் 30 நாட்களாக ஆக்கின. பழைய கணக்கைச் சொல்லி ‘காலம் முடிந்துவிட்டது’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கணக்கு தொடங்குவது பணம் கட்டிய நாளிலிருந்தோ பத்திரத்தில் அச்சிட்ட தேதியிலிருந்தோ இல்லை; ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து. அதனால் பத்திரம் வந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். அஞ்சல் முத்திரையோ கூரியர் ஒட்டுச்சீட்டோ உள்ள அந்த உறைதான் உங்கள் முதல் சாட்சி. உறை இல்லையென்றால், கூரியர் எண்ணை நிறுவனத்திடம் கேட்டு, எந்த நாளில் யார் கையெழுத்திட்டு வாங்கினார்கள் என்று பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் இருந்த என் பெரியம்மா நிலம் விற்ற பணத்தை வங்கியில் போடப் போனபோது, “எஃப்.டி. மாதிரிதாம்மா, வட்டி கூடுதலா வரும்” என்று சொல்லி ஒரு பாலிசியில் கையெழுத்து வாங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் கிளை மேலாளரைப் பார்க்க நடையாய் நடந்தார். ‘அடுத்த வாரம் வாங்க, மாற்றித் தருகிறோம்’ என்ற பதிலிலேயே 24 நாட்கள் போயின. என்னிடம் அவர் வந்தபோது மிச்சம் இருந்தவை 6 நாட்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது ரத்துக் கோரிக்கை ஆகாது. எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

2. விற்றவரிடம் போவதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள்

முகவரிடமோ வங்கி ஊழியரிடமோ சண்டைக்குப் போவதற்கு முன்பே சான்றுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். புகார் வரப்போகிறது என்று தெரிந்த முகவர், ‘மாற்றித் தருகிறேன், கொடுங்கள்’ என்று மூலப் பத்திரத்தையே வாங்கிப் போய்விட்டதை இருமுறை பார்த்திருக்கிறேன்.

பாலிசி பத்திரம், முதல் பிரீமிய ரசீது, பணம் போன நாளின் வங்கிப் பாஸ்புக் பக்கம், முகவரின் விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் உரையாடல்கள், வந்த குறுஞ்செய்திகள் ஆகிய எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட மதிப்பு மிக்கது ஒன்று உண்டு. விற்பவர் பேசிக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் ‘1 லட்சம், 5 வருஷம், 2 லட்சம்’ என்று எழுதிக் காட்டியிருப்பார். சொன்னதற்கும் விற்றதற்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய கையெழுத்திலேயே காட்டும் சீட்டு அது. பாஸ்புக் உறைக்குள்ளும் நாட்காட்டிக்குப் பின்னாலும் தேடிப் பாருங்கள்.

3. முன்மொழிவுப் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள்

பாலிசி பத்திரத்தோடு முன்மொழிவுப் படிவத்தின், அதாவது பாலிசி கேட்டுக் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின், நகலும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். புதிதாக மனு எழுதுபவர்கள் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை விட்டுவிடுகிறார்கள். தவறான விற்பனையின் தடயங்கள் அந்தப் படிவத்தில்தான் கிடக்கின்றன.

முதலில், காப்பீடு யார் உயிர்மீது எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரியவருக்கு வயது கூடிவிட்டதால் மகனையோ பேரனையோ காப்பீடு செய்யப்பட்டவராகக் காட்டி, பணம் கட்டுபவராக மட்டும் பெரியவரை வைத்திருப்பார்கள். தன் முதுமைக்கென்று பணம் போட்டவருக்கு, பேரனின் உயிர்மீதுள்ள பாலிசிதான் கையில் இருக்கும்.

அடுத்து, பிரீமியம் கட்டும் காலம். ‘ஒரே தடவை கட்டினால் போதும்’ என்று சொல்லியிருந்தாலும் படிவத்தில் 5, 7, 10 அல்லது 12 ஆண்டுகள் என்று இருக்கும். ஆண்டு வருமானத்தையும் தொழிலையும் பாருங்கள்: ஓய்வூதியம் மட்டுமே பெறுபவரை வியாபாரி என்றும், ஆண்டுக்குப் பல லட்சம் வருமானம் உள்ளவர் என்றும் எழுதியிருப்பார்கள். அவ்வளவு பிரீமியத்தை அவரால் ஆண்டுதோறும் கட்ட முடியும் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது அது. பென்ஷன் புத்தக நகலை அதனருகில் வைத்துவிட்டால் அந்தப் பொய் தானாகவே வெளிப்பட்டுவிடும்.

பிறகு கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும். முதியவருக்கு மின்னஞ்சலே கிடையாது என்னும் நிலையில், படிவத்தில் ஒரு முகவரி இருந்தால், அது யாருடையது என்று கேளுங்கள். பாலிசியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம், 30 நாட்கள் முடிந்துவிட்டன என்று நிறுவனம் சொல்லும்போது, அந்த மின்னஞ்சல் பாலிசிதாரருடையது இல்லை என்பதே உங்கள் பதில். கைபேசி எண் மாறியிருந்தால், விவரம் புரிந்துதான் பாலிசி எடுத்தாரா என்று நிறுவனம் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யும் சரிபார்ப்பு அழைப்பும் வேறு யாரிடமோ போயிருக்கக்கூடும்.

கடைசியாக, தமிழில் கையெழுத்திட்டவர்களுக்கும் கைநாட்டு வைத்தவர்களுக்கும் முக்கியமான ஓர் இடம். படிவத்தின் முடிவில், ‘இதிலுள்ளவற்றை முன்மொழிபவரின் மொழியில் விளக்கினேன், அவர் புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்’ என்று வேறொருவர் உறுதி கூறும் பகுதி இருக்கும். அது வெறுமையாக விடப்பட்டிருக்கலாம், அல்லது பெரியவர் கண்ணாலேயே பார்த்திராத ஒருவர் அதில் கையொப்பமிட்டிருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும் மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

காகிதப் படிவமே இல்லாமல், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லச் சொல்லி வேலையை முடிக்கும் வழக்கமும் பெருகிவிட்டது. அந்த எண்ணே கையெழுத்தாகக் கணக்கிடப்படும். எதற்கு என்று சொல்லி எண்ணைக் கேட்டார்கள் என்பதைப் பெரியவரிடம் கேட்டு, மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பெரியவர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். மகனோ மகளோ தாங்களே ஊகித்து, ‘என் தந்தை ஏமாற்றப்பட்டார்’ என்று கோபமாக மனு எழுதுவார்கள். பிறகு விசாரணையில் பெரியவரைக் கேட்டால் அவர் வேறு விதமாகச் சொல்வார். அங்கேயே மனு பலவீனப்பட்டுவிடும்.

அவசரப்படாமல், அவர் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நாள், எந்தக் கிளை, எதற்காகப் போனார், யார் பேசினார், என்ன சொன்னார், எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினார், படித்துக் காட்டினாரா, வீட்டுக்கு வந்த பிறகு எந்த அழைப்பாவது வந்ததா? நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். ‘எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லுங்க, அப்பத்தான் பணம் ஏறும்’ என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் சரிபார்ப்பு அழைப்பே வந்தது என்று பல பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள். நிறுவனம் அந்த ஒலிப்பதிவைத்தான் தன் முதல் ஆதாரமாகக் காட்டும்.

இந்த நேரத்தில் பெரியவரைத் திட்டாதீர்கள். வீட்டார் முகம் சுளித்ததால் கையில் இருந்த இன்னொரு பாலிசியைப் பற்றிச் சொல்லாமலே மறைத்துவிட்ட தாத்தா ஒருவரை எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது பாலிசிக்கும் 30 நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

5. 30 நாட்களுக்குள் என்றால்: ரத்துக் கடிதம்

காலம் இருக்கும்போது ஏமாற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடிதம் சிறியதாக இருக்கட்டும்: ‘மேற்கண்ட எண்ணுள்ள பாலிசி ஆவணம் இந்தத் தேதியில் எனக்குக் கிடைத்தது. அதன் நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஃப்ரீ லுக் உரிமையின்படி பாலிசியை ரத்து செய்து, கீழ்க்காணும் என் வங்கிக் கணக்கில் பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இதற்குமேல் வேண்டியதில்லை. நீளமான குற்றச்சாட்டை இதில் சேர்த்தால், கோப்பு ரத்துப் பிரிவுக்குப் போகாமல் புகார்ப் பிரிவுக்குப் போய்த் தாமதமாகும்.

கடிதம் பாலிசிதாரரின் கையெழுத்தோடு, காப்பீட்டு நிறுவனத்துக்கே போக வேண்டும். வங்கி விற்றிருந்தாலும் அது நிறுவனத்தின் முகவராகவே செயல்பட்டது. வங்கிக்கு ஒரு நகல் போதும். நிறுவனத்தின் மதுரைக் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குவது முதல் வழி. முத்திரை தர மறுத்தால் அங்கே நின்று வாதாடாமல், தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்திலோ அருகிலுள்ள அஞ்சலகத்திலோ ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தாள் கட்டணம் ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பிரீமியத்தின் ஒரு பகுதியைச் சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் வகையாக இருந்தால் அன்றைய யூனிட் மதிப்பைப் பொறுத்துத் தொகை சற்றுக் கூடவோ குறையவோ செய்யும். கோரிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பது இப்போதைய விதி.

6. காலம் கடந்துவிட்டால்: தவறான விற்பனைப் புகார்

இங்கேதான் 3-ஆம், 4-ஆம் படிகளில் சேர்த்தவை பயன்படும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, ‘தவறான விற்பனை’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து எழுதுங்கள். என்ன சொன்னார்கள், என்ன விற்றார்கள், படிவத்தில் எது பொய் என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண் கொடுத்து எழுத வேண்டும். பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே ரத்து செய்து முழுப் பிரீமியத்தையும் திருப்பித் தரும்படி கேளுங்கள். சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவையும் கையெழுத்திட்ட பலன் விளக்க அட்டவணையையும் இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அந்த அட்டவணையில் 4 சதவீதம், 8 சதவீதம் என்ற இரண்டு அனுமானங்களில் தொகை காட்டப்பட்டிருக்கும். அவை உறுதி அளிக்கப்பட்டவை இல்லை என்றும் அதிலேயே அச்சாகியிருக்கும். விற்றவர் 8 சதவீதப் பத்தியை மட்டும் விரலால் காட்டியிருப்பார்.

நிறுவனம் 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த இடைவெளியில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

முதலாவது, பொறுமையிழந்து பாலிசியைச் சரண்டர் செய்வது, அதாவது கிடைக்கும் தொகையை வாங்கிக்கொண்டு பாலிசியை இடையிலேயே முடித்துக்கொள்வது. தொடக்க ஆண்டுகளில் சரண்டர் செய்தால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் மேலாக, ஒப்பந்தத்தை நீங்களே ஏற்று முடித்துக்கொண்டீர்கள் என்ற வாதத்துக்கு அது இடம் கொடுக்கும்.

இரண்டாவது, ‘இதை ரத்து செய்யாமல் வேறு நல்ல திட்டத்துக்கு மாற்றிவிடலாம்’ என்ற யோசனைக்கு இணங்குவது. மாற்றம் என்று சொல்லப்படுவது புதிய பாலிசிதான்; அதற்குப் புதிய கமிஷனும் புதிய கையெழுத்தும் உண்டு.

மூன்றாவது, முகவர் தன் கமிஷனில் ஒரு பங்கைக் கையில் கொடுத்துச் சமாதானம் பேசும்போது வாங்கிக்கொள்வது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பாலிசி எடுக்கவோ தொடரவோ கமிஷனில் தள்ளுபடி கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாங்கிய பிறகு ‘நீங்களும்தான் மாட்டுவீர்கள்’ என்று மிரட்டி, மனுவைத் திரும்பப் பெறவைத்த கதை மேலூர்ப் பக்கத்தில் நடந்தது.

7. ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள்

புகார் கொடுத்தவுடன், அடுத்த பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் போகாதபடி வங்கிக்கு எழுத வேண்டும். இரண்டாவது பிரீமியமும் போய்விட்டால், ‘விருப்பமில்லாதவர் ஏன் தொடர்ந்து கட்டினார்’ என்ற கேள்வி எழும். புகாருக்கு முன்பே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: காரணம் பதிவாகாத நிலையில் பிரீமியம் நின்றால், அது வெறும் காலாவதியான பாலிசியாகவே பார்க்கப்படும். மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தப் படி பொருந்தாது. அதைப் பற்றி 11-இல் சொல்கிறேன்.

8. பீமா பரோசா

14 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணில் தொலைபேசியிலும் பதிவு செய்யலாம். ஆணையம் தானே தீர்ப்புச் சொல்லாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதிலைக் கண்காணிக்கும். ஆயினும் கிளையில் அசையாத கோப்புகள் இங்கே பதிந்த பிறகு அசைந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். டோக்கன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9. காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன்

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் கழிந்தும் பதில் தராவிட்டாலோ, பாலிசிதாரர்களின் புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து, அல்லது அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து, ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். பதில் வரட்டும் என்று நிறுவனத்துக்கு நினைவூட்டல் கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்து இந்த ஓராண்டை இழந்தவர்கள் உண்டு; புதிய கடிதம் எழுதினால் ஆண்டுக்கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று எண்ண வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. மனுவை இணையம் வழியாகவே கொடுக்கலாம். 2021-இல் செய்த விதித்திருத்தத்துக்குப் பிறகு விசாரணையைக் காணொளியிலும் நடத்த இடமுண்டு. ஆகவே வயதானவரை இரவுப் பேருந்தில் மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கு அழைத்துப் போக வேண்டிய கட்டாயமில்லை. மனுவோடு சேர்த்துக் காணொளி விசாரணை கேட்டு ஒரு வரி எழுதுங்கள். கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை ஆம்புட்ஸ்மேன் விசாரிக்கலாம். தேவையான ஆவணங்கள் எல்லாம் கிடைத்த 3 மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும். அதை நிறுவனம் 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

விசாரணைக்கு முந்தைய நாள், 4-ஆம் படியில் எழுதிய வாக்குமூலத்தைப் பெரியவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘நான் எஃப்.டி. போடத்தான் போனேன், இது எத்தனை வருஷம் கட்டணும்னு எனக்குச் சொல்லல’ என்று அவர் தன் பேச்சில் சொல்வது, நாம் எழுதும் பத்துப் பக்கத்தைவிட வலுவானது.

10. நுகர்வோர் ஆணையம்

ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நிறைவு தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஒரே விஷயத்தை ஆணையத்தில் நிலுவையில் வைத்துக்கொண்டு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது என்பதால், இதைப் பின்னால் வைத்திருக்கிறேன். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்கள், வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

11. ‘முதுமைப் பராமரிப்பு’ என்று சொல்லி விற்ற மருத்துவப் பாலிசி

‘படுக்கையில் விழுந்தால் வீட்டோடு ஆள் வைத்துப் பார்க்கும் செலவையும் கம்பெனியே கொடுக்கும்’ என்று சொல்லி மருத்துவக் காப்பீடு விற்பது பெருகி வருகிறது. வழக்கமான மருத்துவக் காப்பீடு, நோயாளி மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் செலவுக்கானது. குளிப்பாட்டவும் சோறூட்டவும் வீட்டில் வைக்கும் ஆளின் சம்பளத்துக்கானது இல்லை. பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளை எடுத்து, அந்தச் செலவு எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம்.

இதைவிட ஆபத்தானது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் நேராக முகவர் ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் இது வெளிப்படும். நோயை மறைத்தார் என்று கோரிக்கை மறுக்கப்படும். படிவத்தில் அப்படி இருப்பதைக் கண்டால், அன்றே நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள். பிரீமியம் கூடலாம், முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்களுக்கான செலவு கிடைக்காது) விதிக்கப்படலாம். அது இப்போது 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று மறுப்புக் கடிதத்தைப் படிப்பதைவிட இந்தக் காத்திருப்பு எவ்வளவோ மேல்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய மருத்துவப் பாலிசியை, புதியது கைக்கு வந்து படித்து முடிக்கும் வரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, நோயை மறைத்தார் என்ற காரணத்தால் கோரிக்கையை மறுக்க முடியாது. பழையதை விட்டுவிட்டுப் புதிதாகச் சேர்ந்தால், அத்தனை ஆண்டுகளின் கணக்கும் அழிந்துவிடும். நிறுவனத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய ஆண்டுகளும் சேர்ந்து வரும்படி போர்ட் செய்வதாக எழுத்தில் பதிந்து மாற்றுங்கள்.

12. பணம் வரும் நேரத்தில் வரும் அழைப்புகள்

புகார் கொடுத்த சில வாரங்களில், ‘ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, அதை விடுவிக்க இன்னொரு பாலிசி போட வேண்டும்’ என்று அழைப்பு வரலாம். ஆணையம் காப்பீடு விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை. பணம் எதையும் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

திரும்பும் தொகை பெரியவரின் சொந்தக் கணக்கிலேயே சேர வேண்டும்; முகவர் வழியாகவோ ரொக்கமாகவோ பெறாதீர்கள். பாஸ்புக்கில் பதிந்ததும், கழிக்கப்பட்டவை எவை என்ற கணக்குத் தாளை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கணக்கில் பெரிய தொகை ஏறியது அதே வங்கிக் கிளைக்கும் தெரியும் என்பதால், அந்த வாரம் அவர் வங்கிக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் உடன் செல்லுங்கள்.